செட்டிநாட்டில் இளநிலை புராஜெக்ட்: தலைப்பு முதல் வைவா வரை

"செட்டிநாட்டுக் கட்டடக்கலை – ஓர் ஆய்வு." இந்தத் தலைப்பை எடுத்தவர் முதல் அத்தியாயத்தில் நகரத்தார் வரலாறு எழுதுவார். இரண்டாவதில் பர்மா தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வந்துவிடும். மூன்றாவதைத் தொடங்கும்போது சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒரே கல்லூரிப் பருவத்தில் (செமஸ்டரில்) எவராலும் ஆய்ந்துவிட முடியாது.

அதே ஆசையைச் சுருக்கிப் பாருங்கள்: "கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவுக்கும் வாசல் தெருவுக்கும் இடையே மார்ச் மாதத்தில் ஏழு நாள் வெப்பநிலை வேறுபாடு." வளவு என்பது வீட்டின் நடு முற்றப் பகுதி. இடம், நாள், அளக்கும் பொருள் மூன்றும் தலைப்பிலேயே இருக்கின்றன. கைடிடம் போகுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எதைக் கொண்டு அளப்பேன், எத்தனை தடவை அளப்பேன், எந்த பஸ்ஸில் போய் வருவேன்? கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு அல்ல. காலை ஆறு மணிக்கு ஊரணியில் நீர் எடுப்பதாகத் திட்டம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியபிறகு, அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான் என்று தெரிந்து தவிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

நாட்காட்டியும் அனுமதியும்

டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவத்துக்குக் காகிதத்தில் 16 வாரம். பொங்கல், இரண்டு உள்தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது பத்து அல்லது பதினொன்று. கேள்விக்கும் அனுமதிக்கும் இரண்டு வாரம், முன்னோட்டத்துக்கு ஒன்று, தரவுக்கு ஐந்து, மீதி எழுத. முன்னோட்ட வாரத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். கருவி ஓடாது, கேள்வித்தாள் புரியாது என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிய வேண்டியவை.

உள்ளூர் நாட்காட்டியும் முக்கியம். தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும் நாட்களில் பெரியவர்களைப் பேட்டிக்குத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். மாசி, பங்குனித் திருவிழாவுக்கு வெளியூர்ப் பங்காளிகள் வருவார்கள், பூட்டிய வீடுகள் திறக்கும். அனுமதி கேட்க அது நல்ல நேரம். உட்கார்ந்து பேட்டி எடுக்க மோசமான நேரம்.

பெரிய வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொது. சாவி காவலாளியிடம் இருக்கும், சொல் அவரிடம் இருக்காது. ஒரு பங்காளி "தாராளமா வாங்க" என்று சொன்ன வீட்டில் இன்னொருவர் வந்து கருவியைக் கழற்றி வெளியே வைத்துவிடலாம். காவலாளிக்குச் சம்பளம் தருகிறவர் யார் என்று விசாரித்து, அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். துறைத் தலைவர் கடிதத்தில் எந்த அறை, எந்த நாட்கள், என்ன கருவி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

சந்தேகத்தோடு பார்த்தால் வருத்தப்படாதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்து வீடுகளின் கதவும் தூணும் நிலையும் கழன்று விற்பனைக்குப் போயிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை நடந்து பார்த்தாலே விளங்கும். கேமராவும் அளவு டேப்பும் கொண்டு வீட்டைச் சுற்றும் இளைஞரைத் தரகர் என்று நினைப்பது இயல்புதான். ஆகவே ஆய்வேட்டில் கதவு எண்ணோ இருப்பிடப் புள்ளியோ வேண்டாம், "வீடு அ", "வீடு ஆ" போதும். பூட்டிய அறைக்குள் இருக்கும் சாமான்களின் படமும் வேண்டாம்.

ஊரணி நீர்: ஒரு டைட்ரேஷனைச் சரியாகச் செய்வது

வேதியியல் மாணவர்கள் அதிகம் எடுப்பது நீர்ப் பரிசோதனை, அதிகம் கெடுப்பதும் அதையே. "மழைக்கு முன்னும் பின்னும்" என்று தலைப்பு வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும், உங்கள் கல்லூரிப் பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. உங்களால் பார்க்க முடிந்தது நிறைந்த ஊரணி ஏப்ரலுக்குள் வற்றுவதைத்தான். அதையே கேள்வியாக்குங்கள்: நீர் குறையக் குறையக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) எவ்வளவு ஏறுகிறது? மூன்று ஊரணி, மூன்று ஆழ்துளைக் கிணறு, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று டைட்ரேஷன் (கரைசலைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தை அளப்பது) என்றால் ஒரு சுற்றுக்கு 18. ஒரு மதியத்தில் முடியும்.

மாதிரி எடுக்கும்போதே பாதி வெற்றி. துவைக்கும் படித்துறை ஓரத்தில் எடுத்தால் சோப்பைத்தான் அளப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே படித்துறை, துவைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், மேற்பரப்பிலிருந்து ஒரு அடி ஆழம். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். அடிபம்பு என்றால் நாலைந்து நிமிடம் அடித்துக் குழாயில் தேங்கிய நீர் போனபிறகு. பி.எச். (அமில-காரத் தன்மை), வெப்பநிலை இரண்டும் அங்கேயே அளக்க வேண்டியவை, கல்லூரிக்கு வந்து அளந்தால் வேறு எண் வரும். லேபிளை வீட்டிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள். ஈரப் பாட்டிலில் மார்க்கர் பிடிக்காது.

கடினத்தன்மையை அளக்க பியூரெட்டில் ஊற்றுவது இ.டி.டி.ஏ. கரைசல். 0.01 மோலார் கரைசலுக்கு 3.723 கிராம் டைசோடியம் உப்பை ஒரு லிட்டராக்கி, கால்சியம் கார்பனேட் நியமக் கரைசலால் சரிபாருங்கள். 50 மி.லி. மாதிரி, பி.எச். 10 கொண்ட அம்மோனியா பஃபர், நிறங்காட்டியாக எரியோக்ரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு, செம்மையின் சாயல் சிறிதும் இல்லாத நீலமாக வேண்டும். ஊதாவில் நிறுத்துவதுதான் பொதுவான தவறு. 14.2 மி.லி. இ.டி.டி.ஏ. செலவானால் 14.2-ஐ 1000-ஆல் பெருக்கி 50-ஆல் வகுக்க, 284 மி.கி./லிட்டர். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 (2012) படி ஏற்கத்தக்க அளவு 200, மாற்று நீர் இல்லாதபோது 600 வரை. 284 என்றால் "மாசுபட்ட நீர்" என்று எழுதிவிடாதீர்கள். ஏற்கத்தக்க அளவைத் தாண்டியது, அனுமதி எல்லைக்குள் இருக்கிறது என்பதே சரி.

நிறம் மாறாமல் இழுத்துக்கொண்டே போனால் இரண்டு இடத்தில் பாருங்கள். பஃபர் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தால் அம்மோனியா போய் பி.எச். இறங்கியிருக்கும். நிறங்காட்டிக் கரைசல் பழசாக இருந்தால் நிறம் மங்கும். 0.5 கிராம் சாயத்தை 100 கிராம் சமையல் உப்போடு, அதாவது சோடியம் குளோரைடோடு அரைத்துப் பொடியாக வைத்தால் வெகுநாள் கெடாது. பஃபர் ஊற்றியபின் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள், தாமதித்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும்.

மழைநீர் ஊரணியில் ஒரு பொறி இருக்கிறது. நீர் மென்மையாக இருந்து 2 மி.லி.யிலேயே நிறம் மாறினால், பியூரெட்டில் 0.1 மி.லி. தவறாகப் படிப்பது ஐந்து சதவீதப் பிழை. மாதிரியை 100 மி.லி. ஆக்குங்கள். மாறாக 15 மி.லி.க்கு மேல் போனால் மாதிரியைக் குறைத்து, காய்ச்சி வடித்த நீரால் 50 ஆக்குங்கள். கணக்கில் நீங்கள் எடுத்த அசல் மாதிரி அளவைப் போட மறக்கக்கூடாது.

கைக்கு அடக்கமான டி.டி.எஸ். (கரைந்த பொருட்களின் மொத்த அளவு) மீட்டர் காட்டுவது மின்கடத்துதிறனிலிருந்து கணித்த மதிப்பு. அதை மதிப்பீடு என்றே எழுதுங்கள்.

வளவுக்குள் எவ்வளவு குளிர்ச்சி

கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, திறந்த முற்றம் இருப்பதால் "உள்ளே குளுகுளுன்னு இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். இயற்பியல் மாணவர் கேட்க வேண்டியது எத்தனை டிகிரி, எந்த மணியில் என்று. மலிவாகக் கிடைக்கும் டி.எச்.டி. 11 வெப்பநிலை சென்சரின் பிழை இரண்டு டிகிரி வரை போகும். உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடே மூன்று டிகிரியாக இருந்தால் அந்தச் சென்சரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. டி.எச்.டி. 22 வாங்குங்கள், அரை டிகிரிக்குள் நிற்கும். வாங்கிய எல்லாவற்றையும் முதலில் ஒரே மேஜையில் 24 மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளிக் காட்டுகின்றன என்று குறித்து, பின்னால் கழியுங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், நேர் வெயில் படாமல், சுவரை ஒட்டாமல். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு, நாளொன்றுக்கு 144, ஏழு நாளுக்கு 1008. மின்வெட்டில், சென்சரை இயக்கும் மின்னணுப் போர்டு மறுபடி தொடங்கும்போது நேரம் சுழியத்துக்குப் போய்விடும், அதனால் பேட்டரியுள்ள டி.எஸ். 3231 கடிகாரச் சில்லு கட்டாயம். மதியச் சராசரியை மட்டும் காட்டாமல், தெருவின் உச்ச வெப்பம் எத்தனை மணிக்கு, வளவின் உச்சம் எத்தனை மணி கழித்து என்று வரையுங்கள். கனத்த சுவர் செய்யும் வேலை அந்தத் தாமதத்தில்தான் தெரியும்.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் உலோக அரிப்பு ஆய்வு எடுக்கப் பலருக்கு ஆசை. கருவி நேரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எடையிழப்பு முறைக்குத் தராசும் மணல்தாளும் போதும். 5 செ.மீ. × 2 செ.மீ. × 1 மி.மீ. இரும்புத் தகடுகளை ஊரணி நீரிலும் ஆழ்துளை நீரிலும் 720 மணி நேரம் தொங்கவிடுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று. எடையிழப்பை மி.கி.யில் 87.6-ஆல் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, மணி மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்று வரும். 48 மி.கி. இழப்பு என்றால் சுமார் 0.035. பரப்பில் விளிம்புகளை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தகட்டுக்கு 20 அல்ல, 21.4 ச.செ.மீ. துருவை அமிலத்தால் கழுவும்போது நல்ல இரும்பும் கொஞ்சம் கரையும், ஆகவே நீரில் போடாத ஒரு தகட்டையும் அப்படியே கழுவி அந்த இழப்பைக் கழியுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் (கையால் வார்க்கும் தரை ஓட்டில்) நீர் உறிஞ்சலும் எளிதான வேலைதான். எடை மாறாத வரை உலர்த்தி, 24 மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, எடை போட வேண்டும். ஒரே நாள் வார்த்த கற்களாக எடுத்தால் ஒரு வார்ப்பின் கைவாகைத்தான் அளந்ததாகும். வேட்டங்குடியில் பறவை எண்ண விரும்பினால் அது சரணாலயம், வனத்துறை அனுமதி வரும்வரை ஊர் ஊரணிகளில் எண்ணிப் பழகுங்கள்.

பழைய பேரேட்டைப் படிப்பது

வரலாறு, தமிழ், வணிகவியல் மாணவர்களுக்கு இந்த மண் வைத்திருக்கும் பெரிய சொத்து கணக்கேடுகள். வட்டிக்கடைப் பேரேடு, மொய் ஏடு, கடிதக் கட்டு என்று எது கிடைத்தாலும் ஒன்றே ஒன்றை எடுத்து நாற்பது பக்கம் முழுமையாகப் படியுங்கள். பத்து ஏடுகளைப் புரட்டிப் படம் போடுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கும் "உ" பிள்ளையார் சுழி. அதை ௨ என்று எண்ணி முதல் பதிவில் சேர்த்தவர்கள் உண்டு. எழுத்தா எண்ணா என்று குழப்புபவை இன்னும் பல: ௧ – க, ௫ – ரு, ௬ – சு, ௭ – எ, ௮ – அ. பழைய முறையில் இடமதிப்புக்குத் தனிக்குறி உண்டு, ௨௱௫௰ என்றால் 250. ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். இவை எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன, படமாக வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. அரைக்கால், மாகாணி, வீசம் போன்ற பின்னங்களுக்கு ஒரு அட்டவணை எழுதி மேஜையில் ஒட்டிவையுங்கள். வீசமும் மாகாணியும் இரண்டுமே பதினாறில் ஒன்று.

ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் நுணுக்கமான வேலை. "விரோதி௵ தை௴" என்று ஒரு பதிவு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1889-லும் வரும், 1949-லும் வரும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரிக்குப் போகும். எனவே இது 1890 அல்லது 1950. எது என்று ஏட்டுக்குள்ளேயே தேடுங்கள். அணாக் கணக்கு உதவாது, 1957 வரை அணாதான். ரங்கூன் கடை நடப்புக் கணக்கு என்றால் 1942-இல் ஜப்பானியப் படை வந்தபின் பலர் கடையை விட்டு வந்துவிட்டார்கள், பழைய ஆண்டுக்கு வாய்ப்புக் கூடுதல். முத்திரைத் தாளில் யார் தலை இருக்கிறது, மோட்டார், கரண்டு பில் என்று ஏதாவது செலவு உண்டா என்று பாருங்கள். இரண்டு சான்றாவது ஒத்துவந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரு ஆண்டையும் கொடுத்து விட்டுவிடுங்கள்.

எக்செல்லில் ஏற்றும்போது "3 ரூபாய் 5 அணா"வை 3.5 என்று தட்டினால் எல்லாம் போயிற்று. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. எல்லாவற்றையும் பையாக மாற்றுங்கள்: 3 ரூபாய் 5 அணா 4 பை என்றால் 576 + 60 + 4 = 640. மலேயாக் கணக்கில் "வெள்ளி" என்று வந்தால் அது உலோகமும் அல்ல, கிழமையும் அல்ல, டாலர்.

படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் போதும். பக்கத்துக்கு ஒரு படம், ஏட்டுக்கு ஒரு கோப்புறை, அன்றைக்கே பெயர் மாற்றம். கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டி உதவி செய்யாதீர்கள், சில வருடத்தில் அது மஞ்சளாகித் தாளையும் தின்னும். அச்சு நூலோ இதழோ தேவைப்பட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பு இப்போது சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது. தேடும் நூல் பட்டியலோடு கடிதம் அனுப்பிவிட்டுப் போங்கள்.

ஆச்சியிடம் கேட்பது எப்படி

ஆறு பேட்டி போதும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏன் என்று விளங்கும். வளவில் எதிரொலிக்கும், திண்ணையில் பஸ் ஹாரன் கேட்கும். இரண்டாங்கட்டில் ஒரு சிறு அறையில் பாய் விரித்து, மின்விசிறியை நிறுத்தி, போனைத் துண்டின் மேல் வையுங்கள்.

"ஆச்சி, எந்த வருஷம் ஐயா கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனாக?" என்றால் "அது யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். "மூத்த பிள்ளை பிறக்குமுன்னயா, பெறகா?" என்று கேளுங்கள். "அவன் வயித்துல இருக்கையில. அந்த வருஷந்தான் ஊரணி ஒடைஞ்சுச்சு." அந்த மூத்த பிள்ளையின் வயது தெரியும், ஊரணி உடைந்ததை இன்னொருவரும் சொல்வார். இரண்டையும் சேர்த்தால் ஆண்டு வந்துவிடும். சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். "சென்றார்கள்" என்று திருத்தினால் மொழித் தரவு அழிந்துவிடும். பதிவு செய்யச் சம்மதம், பெயர் போடச் சம்மதம், படம் போடச் சம்மதம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு ஒலிப்பதிவிலேயே வாங்குங்கள்.

பள்ளியில் ஆய்வு

கல்வியியல் மாணவர்களுக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரைதான் வாசல் திறந்திருக்கும், பிறகு தேர்வுக் காலம். அனுமதிக் கடிதம் டிசம்பரிலேயே போக வேண்டும். தலைமையாசிரியர் சம்மதம் பெற்றோர் சம்மதத்துக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வாசிப்பு வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் பிழையின்றி எத்தனை சொல். பாடப்புத்தகப் பத்தி கொடுத்தால் பிள்ளைகள் தாளைப் பார்க்காமலே ஒப்பிப்பார்கள், புதுப் பத்தி எழுதுங்கள். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒரே பத்தி வைத்தால் முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சம கடினமுள்ள இரண்டு பத்தி தயாரித்து, பாதிப் பேருக்கு முதலில் அ, மீதிப் பேருக்கு முதலில் ஆ. பயிற்சி பெறாத இன்னொரு பிரிவையும் அதே நாட்களில் அளக்காவிட்டால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான். முன்தேர்வு 34 பேர், பின்தேர்வு 28 பேர் என்றால் இரண்டும் எழுதிய 28 பேரை மட்டும் ஒப்பிட்டு, ஆறு பேர் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வித்தாள் ஆய்வில், "செல்போன் எனக்குப் பயனாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது" போன்ற கேள்வியை இரண்டாக உடையுங்கள். பயன் உண்டு, மகிழ்ச்சி இல்லை என்பவர் எதை டிக் செய்வார்? 600 பேர் படிக்கும் கல்லூரிக்கு ஐந்து சதவீதப் பிழையில், எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரம் 240 பேர் கேட்கும். அந்த 240 பேரைப் பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்காமல் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவம் போட்டு நிரப்பினால், சூத்திரத்தைப் போட்டதே வீண்.

தட்டச்சு, நகல் சரிபார்ப்பு, வைவா

முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள். ஒரு அத்தியாயம் டி.டி.பி. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் இன்னொன்று வீட்டில் யூனிகோடிலும் இருந்தால், சேர்க்கும் இரவில் ஏதோ ஒன்று கட்டம் கட்டமாகிவிடும், பக்க எண்ணும் நகரும். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. ஆனால் கல்லூரிகள் தங்கள் எல்லையைத் தாங்களே வைப்பதுண்டு, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைவாவுக்கு பைண்டு செய்த ஆய்வேட்டோடு கசங்கிய களக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். "இந்த 284 எங்கிருந்து வந்தது?" என்றால் பியூரெட்டின் மூன்று அளவீடும் தேதியும் அடித்துத் திருத்திய கோடும் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அச்சிட்ட பிரதிகளில் ஒன்று அதிகம் போட்டு, கருவி வைக்க விட்ட வீட்டுக்கும் ஏடு கொடுத்தவருக்கும் சேர்ப்பியுங்கள். ஏட்டைத் திருப்பும்போது அவர் முன்னாலேயே பக்கங்களை எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.